கம்பளியின் பெறுமதியை அறிந்த கைகள்

ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் வெஸ்ட் பிரண்ட்ஷிப் என்று ஒரு சிற்றூர் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் வரும் சனி, ஞாயிறு தினங்களில் அங்குள்ள ஹோவார்ட் மாவட்டக் கண்காட்சித் திடலில் செம்மறி ஆடுகளுக்கும் கம்பளிக்குமான விழாவொன்று நடைபெறுகிறது. அம்மாநிலத்தின் செம்மறி வளர்ப்போர் சங்கம் 1974ஆம் ஆண்டில் ஆரம்பித்த விழா இது. பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்ட போதிலும் அதன் பின்னர் மீண்டும் வழமைபோல நடைபெற்று வருகிறது. சனிக்கிழமை காலை விற்பனை மண்டபத்தின் கதவு திறக்கப்படுவதற்கு முன்னரே அதன் முன்னால் நீண்டதொரு வரிசை உருவாகிவிடும். வரிசையில் நிற்போரில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் வாங்குவதற்காகக் காத்து நிற்பது ஆபரணமோ ஆயத்த ஆடையோ அல்ல. ஆட்டிலிருந்து கத்தரித்தபடியே, எண்ணெய்ப் பிசுக்கும் புல்லும் தூசியும் ஒட்டியிருக்கின்ற, இன்னும் கழுவாத கம்பளி!

ஏதாவது ஒரு பேரங்காடிக்குள் நுழைந்தால் சில டொலர்களைக் கொடுத்துக் குளிர்காலச் சட்டையொன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடக்கூடிய நாடு அது. அத்தகைய நாட்டில், இரண்டு தினங்கள் மாத்திரமே ஓய்வாகக் கிடைக்கின்ற ஒரு வாரத்தின் இறுதியை, அழுக்குக் கம்பளியைத் தேடிப் பிடிப்பதிலும் அதை நூலாக நூற்பதிலும் அந்த நூலைச் சட்டையாகப் பின்னுவதிலும் செலவிடுவதற்கு ஆயிரக்கணக்கானோர் ஏன் முன்வருகிறார்கள்? இக்கேள்வி வெறும் வேடிக்கையான ஒன்றல்ல என்பதும், அதற்கான பதிலில் எமது நாட்டின் கைத்தொழில்களுக்கும் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது என்பதும் எனது அபிப்பிராயம்.

கம்பளி எமக்கு அந்நியமான பொருள் என்பது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் வளர்க்கப்படும் நாட்டுச் செம்மறிகளின் உரோமம் நூற்பதற்கு உதவாது. அவற்றை இறைச்சிக்காகவும் தோட்டங்களுக்கு வேண்டிய எருவுக்காகவுமே எமது மக்கள் வளர்த்து வந்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது நுவரெலியாவின் கடைத்தெருவே. போர் எமது மக்களைக் குளிர்நாடுகளுக்கெல்லாம் துரத்திய பின்னர்தான், கம்பளியின் அருமை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கும் தெரியவந்தது. ஆயினும் நூல் நூற்றல் எமக்கு அந்நியமானதல்ல. நூல் என்ற ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறிப்பிடுகின்ற மொழி எமது மொழி. சொற்களைப் பஞ்சுக்கும், புலவனை நூற்கின்ற பெண்ணுக்கும், அறிவைக் கதிருக்கும் ஒப்பிட்டு, ஒரு நூல் உருவாகும் விதத்தை நன்னூலில் விளக்கினார் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டில் அவ்வுவமையை அவர் கையாண்டபோது, கதிர் என்றால் என்னவென்று எவருக்கும் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியம் இருந்திருக்காது. இன்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் முதலில் கதிரை விளக்கிவிட்டுத்தான் உவமையை விளக்கவேண்டியிருக்கிறது.

மேரிலாண்டுக்குத் திரும்புவோம். அங்கு கூடுகின்ற ஒரு நூற்பாளரின் வார இறுதி எவ்வாறு கழிகிறது?

சனிக்கிழமை காலையில் முதல் வேலை கம்பளி தெரிவுசெய்வது. விற்பனைக்கு வரும் கம்பளிகள் நடுவர்களால் பரிசீலிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆட்டின் கம்பளியும் தனித்தனிப் பொதியாக, எந்த இனம், எந்தப் பண்ணை என்ற விபரங்களுடன் வைக்கப்பட்டிருக்கும். வாங்க வந்தவர் பொதியைத் திறந்து ஒரு சிறு கற்றையை உருவி எடுப்பார். அதை இரு கைகளாலும் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுப்பார். மணி ஒலிப்பதுபோல் கணீரென்று கேட்டால் இழை உறுதியானது. படபடவென்று அறும் ஓசை கேட்டால், அந்த ஆடு ஆண்டின் ஏதோ ஒரு காலத்தில் நோயுற்றோ பட்டினி கிடந்தோ இருக்கிறது என்பது அர்த்தம். அந்த இடத்தில் இழை மெலிந்திருக்கும். பின்னர் இழையின் நெளிவைப் பார்ப்பார். மெரினோ ஆட்டின் மென்மையான இழையில் நெளிவுகள் நெருக்கமாக இருக்கும். மலைநாட்டு ஆடுகளின் முரட்டு இழையில் அவை அகன்றிருக்கும். ஓர் ஆட்டின் ஓராண்டு வாழ்க்கையை விரல்களுக்கிடையே வாசித்துவிடுகின்ற இத்திறமையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். இக்கட்டுரையின் சாரம் இதிலேயே இருக்கிறது.

வாங்கிய கம்பளியைக் கழுவவேண்டும். வெந்நீரில் சவர்க்காரம் கரைத்து, கம்பளியை அதில் அமிழ்த்தி, அசைக்காமல் விடவேண்டும். கசக்கினாலோ, திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலோ இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து தடித்துப்போய்விடும். அதன் பின்னர் நூற்க முடியாது. உலர்ந்த கம்பளியை, கம்பிப் பற்கள் பொருத்திய இரண்டு பலகைகளுக்கிடையில் வாரித் திரியாக்க வேண்டும். அந்தத் திரியைத் தக்ளியிலோ மிதி இராட்டையிலோ கொடுத்து, ஒரு கையால் இழுத்து மறுகையால் முறுக்கை அனுமதிக்கும்போது இழை பிறக்கிறது. கூடுதலாக இழுத்தால் அறும். கூடுதலாக முறுக்கினால் சுருண்டுகொள்ளும். இவ்வாறு நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் இரட்டை இழை. ஒன்றின் முறுக்கு மற்றதன் முறுக்கைச் சமப்படுத்துவதால் அது சுருளாமல் அடங்கிக் கிடக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, தொங்கவிட்டு உலர்த்திய பின்னர்தான் பின்னல் ஊசியின் வேலை ஆரம்பமாகிறது.

இவையனைத்தையும் வீட்டில் தனித்திருந்தும் செய்யலாம். ஆனால் விழாவுக்கு வருபவர்கள் தமது இராட்டைகளைத் தூக்கிக்கொண்டே வருகிறார்கள். மரநிழல்களிலும் ஆட்டுக் கொட்டகைகளின் ஓரங்களிலும் வட்டமாக அமர்ந்து நூற்கிறார்கள். ஒருவரின் நூலை மற்றவர் கையில் வாங்கிப் பார்ப்பதும், திரியை இப்படிப் பிடித்துப் பாருங்கள் என்று காட்டிக் கொடுப்பதும், சாயம் காய்ச்சும் பக்குவத்தைச் சொல்வதும், நழுவிய கண்ணியைக் கீழிருந்து மேலே மீட்டெடுக்கக் கற்பிப்பதுமாகப் பொழுது கழிகிறது. நூற்கும் கைக்குக் கண்ணின் துணை அதிகம் தேவையில்லை. அதனால் பேச்சு தடைப்படுவதில்லை. எமது கிராமங்களில் பெண்கள் கூடியிருந்து ஓலை பின்னிய காலத்தில் நிலவிய தோழமை இதுவேதான்.

விழாவின் உச்சக்கட்டம் ஒரு போட்டி. ஒருவர் ஆட்டின் கம்பளியைக் கத்தரிக்க, மூவர் அதை உடனுக்குடன் வாரி நூற்க, ஒருவர் அந்த நூலை ஊடையாகக் கொண்டு தறியில் சால்வை நெய்யவேண்டும். பாவு மாத்திரம் முன்கூட்டியே தறியில் ஏற்றப்பட்டிருக்கும். ஐவர் கொண்ட ஒவ்வோர் அணிக்கும் 3 மணித்தியாலங்கள் வழங்கப்படும். முடிவில் சால்வைகள் ஏலத்தில் விடப்படும். காலையில் ஆட்டின் முதுகில் இருந்தது பிற்பகலில் ஒரு மனிதரின் தோளைச் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரு பூர்வீகக் கதை உண்டு. 1811ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் திகதி இங்கிலாந்தின் நியூபரி நகருக்கு அருகே, சூரியன் உதிக்கும்போது ஆட்டின் மேல் இருக்கும் கம்பளியைச் சூரியன் மறைவதற்குள் கோட்டாக மாற்றிக் காட்டுவது தொடர்பாக 1,000 கினி பந்தயம் கட்டப்பட்டது. ஜோன் கொக்ஸ்டர் என்ற ஆலை உரிமையாளர் 13 மணித்தியாலம் 20 நிமிடத்தில் அதைச் செய்து முடித்தார். சேர் ஜோன் த்ரொக்மோர்ட்டன் மாலையில் அந்தக் கோட்டை அணிந்து கூட்டத்தின் முன் தோன்றினார். இயந்திரத்தின் வேகத்தைப் பறைசாற்றிய நிகழ்ச்சி அது. அதே 1811ஆம் ஆண்டில்தான், அதே இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில், காலுறை பின்னும் தொழிலாளர்கள் தமது வயிற்றில் அடித்த முதலாளிகளின் பின்னல் சட்டங்களை உடைக்கத் தொடங்கினார்கள். லுட்டைட்டுகள் என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. சட்டத்தை உடைப்பவருக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டமூலம் 1812இல் கொண்டுவரப்பட்டபோது, கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது கன்னி உரையிலேயே அதை எதிர்த்தார். எனினும் அது நிறைவேறியது. ஆலையின் வேகத்தைக் காட்டுவதற்கு ஒரு காலத்தில் நடத்தப்பட்ட பந்தயத்தை, இன்று கையின் திறமையைக் கொண்டாடும் போட்டியாக மாற்றியிருக்கிறார்கள் மேரிலாண்டில் கூடும் கைவினைஞர்கள்.

அமெரிக்காவில் இத்தகைய விழா இது ஒன்றல்ல. நியூயோர்க் மாநிலத்தின் ரைன்பெக் என்ற ஊரில் ஒக்டோபர் மாதத்தின் மூன்றாவது வார இறுதியில் இதைப் போன்ற மற்றொரு பெருவிழா நடைபெறுகிறது. அங்கு செல்வதற்கென்றே புதிதாக ஒரு சட்டையைப் பின்னி, விழாத் தினத்தன்று அணிந்துகொள்வது ஒரு மரபாகிவிட்டது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புத்தாடை உடுத்துகின்ற எமக்கு அதன் உணர்வை விளக்கத் தேவையில்லை. ஒரேயொரு வித்தியாசம், எமது புத்தாடையை யார் நெய்தார்கள் என்பது எமக்குத் தெரியாது.

இனி, இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் பார்த்துவிட வேண்டும். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? ஒரு மிதி இராட்டைக்கு நூற்றுக்கணக்கான டொலர்கள் செலவாகும். ஒரு சட்டைக்கு வேண்டிய நூலை நூற்கப் பல வாரங்கள், பின்னப் பல வாரங்கள். அந்த நேரத்துக்குக் கூலி கணக்கிட்டால், அச்சட்டையை விற்று எவரும் பிழைக்க முடியாது. நூற்பது எமது முன்னோருக்கு இன்பமாக இருக்கவில்லை, வயிற்றுப்பாடாக இருந்தது. சங்கப் பாடல்களில் நூற்பவர்கள் பெரும்பாலும் துணையற்ற பெண்கள். மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ஸ்பின்ஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லும் நூற்பவள் என்ற பொருளிலிருந்து வந்ததே. இரவில் விளக்கொளியில் கண் நோக நூற்ற அந்தப் பெண்களின் வேலையை, இன்று உணவுக்குக் குறைவில்லாத பெண்கள் விடுமுறை விளையாட்டாகச் செய்கிறார்கள் என்று ஒருவர் கூறினால் அதை முற்றாக மறுக்க முடியாது.

ஆனால் அந்த வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மீதிப் பாதியை ஆடு வளர்ப்பவனிடம் கேட்கவேண்டும்.

இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செயற்கை இழைகள். கம்பளியின் பங்கு 1 வீதம் அளவில்தான். செம்மறியின் கம்பளியை ஆண்டுதோறும் கத்தரிக்காவிட்டால் ஆடு நோயுறும். எனவே, விலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்தரித்தே ஆகவேண்டும். பிரிட்டனின் பல பண்ணைகளில், ஒரு ஆட்டின் கம்பளியைக் கத்தரிப்பதற்குக் கொடுக்கும் கூலியைக்கூட அந்தக் கம்பளி ஈட்டித் தருவதில்லை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக வாங்குவோர் அற்றுப்போய் விலை வீழ்ந்தபோது, சிலர் அதை எரித்தார்கள். சிலர் உரக்குழியில் போட்டு மூடினார்கள். மத்திய காலத்தில் இங்கிலாந்தின் செல்வத்துக்கே அத்திவாரமாக இருந்த பொருளின் கதி இது.

இந்த நிலையில், மேரிலாண்டின் வரிசையில் நிற்கும் நூற்பாளர் என்ன செய்கிறார்? ஆலைக்கு விற்றால் இறாத்தலுக்கு ஒன்றிரண்டு டொலர்களே கிடைக்கக்கூடிய கம்பளிக்கு, அதன் தரத்தைக் கையால் அறிந்து, பத்து, இருபது டொலர் கொடுக்கிறார். கம்பளி மாறவில்லை. வாங்குபவரின் அறிவுதான் அதன் விலையை மாற்றுகிறது. நூற்கத் தெரியாத ஒருவருக்கு அந்தப் பொதி குப்பை. தெரிந்தவருக்கு அது ஒரு புதையல். இரக்கப்பட்டு அதிக விலை கொடுப்பவர் ஒரு தடவை கொடுப்பார். பெறுமதி அறிந்து கொடுப்பவர் அடுத்த ஆண்டும் வருவார். நல்ல கம்பளி எது, மட்டமானது எது என்று சொல்லியும் விடுவார். அதனால் வளர்ப்பவன் தனது ஆட்டைக் கவனமாக வளர்ப்பான்.

இதற்குச் சான்றாக இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். 2001ஆம் ஆண்டில் கால்வாய் நோய் பரவியபோது பிரிட்டனில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொன்று ஒழிக்கப்பட்டன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் கம்பிரியா. அம்மலைகளுக்கே உரிய ஹேர்ட்விக் இனச் செம்மறிகள், குட்டியில் கறுப்பாகப் பிறந்து வளர்ந்ததும் சாம்பல் நிறமாகும் அந்த முரட்டு ஆடுகள், பெருந்தொகையில் மடிந்தன. சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பொட்டர் தமது பிற்காலத்தில் வளர்த்துப் பேணிய இனமும் அதுவே. அந்த அழிவின் பின்னர், அப்பகுதியின் கம்பளி வளர்ப்போரும் கைவினைஞர்களும் ஒன்றுசேர்ந்து அமைத்த கூட்டுறவு அமைப்பு ஒன்று, 2005ஆம் ஆண்டில் கொக்கர்மவுத் நகரின் கால்நடை ஏலச் சந்தையில் கம்பளி விழாவொன்றை ஆரம்பித்தது. ஆடுகளை அடைக்கும் பட்டிகளையே கடைகளாக்கி, வளர்த்தவரும் நூற்றவரும் பின்னியவரும் அருகருகே நின்று விற்றார்கள். ஆட்டை விற்பதற்காக மாத்திரம் விவசாயிகள் வந்துபோன இடத்துக்கு, அந்த ஆட்டின் கம்பளியைத் தேடி மக்கள் வரத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவிலும் இதைப் போன்ற அனுபவம் உண்டு. நவாஹோ பழங்குடி மக்களின் சுரோ இன ஆடுகளை, மண்ணரிப்பைத் தடுப்பதாகக் கூறி 1930களில் அந்நாட்டு மத்திய அரசாங்கம் பெருந்தொகையாகக் கொன்று குறைத்தது. தமது நெசவுக்கும் உணவுக்கும் ஆதாரமான ஆடுகள் கண்முன்னே சுடப்பட்டதை அம்மக்கள் இன்றும் மறக்கவில்லை. 1970களில் அந்த இனத்தில் 500க்கும் குறைவான ஆடுகளே எஞ்சியிருந்தன. 1977இல் லைல் மக்னீல் என்ற கால்நடை விஞ்ஞானி ஆரம்பித்த திட்டமும், அந்தக் கம்பளியின் நீண்ட, உறுதியான இழையை விரும்பித் தேடிய நெசவாளர்களும் அதை அழிவிலிருந்து மீட்டார்கள். அருகிவரும் கால்நடை இனங்களைப் பாதுகாக்கும் லைவ்ஸ்டொக் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பு, 2019இல் இன்னொரு படி முன்னே சென்றது. கத்தரித்துக் காப்போம் என்று பொருள்படும் திட்டம் ஒன்றை அது தொடங்கியது. அதில் சேரும் கைவினைஞருக்கு ஒரு கடவுச்சீட்டுப் புத்தகம் வழங்கப்படும். அருகிவரும் ஓர் இனத்தின் கம்பளியை வாங்கி, அதில் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்தால் அந்த இனத்துக்குரிய பக்கம் பூர்த்தியாகும். விளையாட்டுப்போலத் தோன்றினாலும், இதன் பயன் வளர்ப்பவனின் கையைச் சென்றடைகிறது. ஓர் ஆட்டினத்தை மிருகக்காட்சிச்சாலையில் வைத்துக் காப்பாற்றுவது கடினம். அதன் கம்பளிக்காகக் காத்திருக்கும் கைகள் இருந்தால் அது தானே வாழும்.

நூற்பதை ஒரு நாட்டின் கடமையாக்க முயன்ற வரலாறும் எமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. 1924ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸின் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் 2,000 யார் நூல் வழங்கவேண்டும் என்ற விதி காந்தியடிகளின் விருப்பப்படி ஏற்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே அது தளர்த்தப்பட்டது. தலைவர்கள் பலருக்கே நூற்க மனமிருக்கவில்லை. 1927 நவம்பரில் கதர் நிதி திரட்டுவதற்காகக் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் வரை சென்றபோது, எமது மக்கள் பெருந்திரளாகக் கூடி வாரி வழங்கினார்கள். பணம் கொடுத்தார்கள், ஆனால் இராட்டை இந்த மண்ணில் வேரூன்றவில்லை. காந்தியடிகளின் நோக்கம் ஏழைக்கு வருமானம் என்பதால் அதை இன்றைய விடுமுறை நூற்பாளருடன் ஒப்பிடுவது முற்றிலும் பொருந்தாது. எனினும் ஒன்றைக் கூறலாம். விதியால் நூற்றவர்கள் விதி நீங்கியதும் நிறுத்தினார்கள். விருப்பத்தால் நூற்பவர்கள் எவரும் கேட்காமலே தொடர்கிறார்கள். எரவாடாச் சிறையில் காந்தியடிகள் செப்பனிட்ட பெட்டி இராட்டையில் பருத்தி நூற்பவர்களை அமெரிக்க நூற்பாளர்களிடையே இன்றும் காணலாம் என்பது வரலாற்றின் குறும்பு.

இலங்கைக்கும் இந்தக் கைவினைஞர் கூட்டத்துக்கும் இதைவிட நெருக்கமான தொடர்பொன்று உண்டு. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் சில ஆண்டுகள் இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்தபோது, அவரது மனைவி எதெல் அவருடன் கிராமங்கள் தோறும் சென்று, நெசவாளர், குயவர், கொல்லர் ஆகியோரின் வேலைகளைப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படங்கள் 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை என்ற குமாரசுவாமியின் பெருநூலில் இடம்பெற்றன. இங்கிலாந்து திரும்பிய எதெல், பின்னர் எதெல் மைரே என்ற பெயரில், கைநூற்பையும் தாவரச் சாயத்தையும் கைத்தறியையும் அந்நாட்டில் மீண்டும் உயிர்ப்பித்தவர்களில் முதன்மையானவராக விளங்கினார். தாவரச் சாயங்கள் பற்றிய அவரது நூல் 1916இல் வெளிவந்தது. டிச்லிங் என்ற ஊரில் அவர் நடத்திய பட்டறையில் ஒரு தலைமுறை நெசவாளர்கள் பயின்றார்கள். இன்று பிரிட்டனில் வார இறுதிகளில் கூடும் நூற்பாளர்களின் ஆசிரிய பரம்பரையில், இலங்கைக் கிராமத்துத் தறிகளின் முன் நின்று பார்த்த ஒரு பெண் இருக்கிறார் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்த நூலில் குமாரசுவாமி வலியுறுத்திய விடயமும் இதுவேதான். பிரித்தானியர் ஆட்சியில் கண்டிய கைவினைகள் நலிந்ததற்குக் காரணம் கைவினைஞரின் திறமைக் குறைவு அல்ல. அவர்களின் வேலையை ஆதரித்துப் பேணிய அரசும் பிரபுக்களும் மறைந்து, ஆங்கிலக் கல்வி பெற்றவர்களின் ரசனையும் மாறிப்போனதே என்று அவர் எடுத்துக்காட்டினார். தரம் அறிந்த புரவலன் இல்லாத இடத்தில் தரம் நிலைக்காது. அந்தக் காலத்துப் புரவலன் அரசன். இன்று மேரிலாண்டில் காலையில் வரிசையில் நிற்கும் சாதாரணப் பெண்மணிதான் புரவலர். அவர் அரசனைவிட ஒரு விதத்தில் மேலானவர். ஏனெனில் அவருக்குத் தாமே நூற்கவும் தெரியும்.

எமது நாட்டின் நிலை என்ன? கைத்தொழில்கள் பற்றிய செய்தி எமது பத்திரிகைகளில் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் இடம்பெறும். ஒன்று, அமைச்சர் ஒருவர் கண்காட்சியைத் திறந்துவைக்கும்போது. மற்றையது, தொழிலாளர்கள் வறுமையில் வாடுவதாக முறையிடும்போது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்து வெளிநாட்டுப் புடைவைகள் வெள்ளம்போல் வந்து குவிந்ததும் கைத்தறித் தொழில் பலத்த அடி வாங்கியது. கிழக்கில் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்போன மருதமுனை, அந்த அடியையும் போரையும் 2004 டிசம்பர் சுனாமியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கியது. மானியம் கொடுத்தோம், தறி கொடுத்தோம், நூல் கொடுத்தோம் என்று அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கணக்குக் காட்டலாம். கைத்தறிப் புடைவைக்கும் விசைத்தறிப் புடைவைக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தொட்டுச் சொல்லக்கூடிய ஒரு வாடிக்கையாளரையாவது உருவாக்கினோமா? அந்த அறிவை ஓரளவு உருவாக்கியவர்களில் ஒருவர் 2022இல் மறைந்த பார்பரா சன்சோனி. நிறங்களை அறிந்த ஓவியர் ஒருவர் தறிகளோடு இணைந்து வேலை செய்தபோது, கைத்தறிக்கு விலை கொடுக்கக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் ஆட்கள் இருந்தார்கள்.

எமக்குத் தேவைப்படுவது இன்னொரு கண்காட்சி அல்ல. கண்காட்சியில் மக்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தறியின் முன் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஓர் இடம் தேவை. மருதமுனையில் ஆண்டுக்கு ஒரு சனி, ஞாயிறு நெசவாளர்கள் தமது தறிகளை வெளியே கொண்டுவந்து வைக்கட்டும். பாடசாலைப் பிள்ளைகளும், விடுமுறையில் வரும் புலம்பெயர்ந்தவர்களும், சேலை வாங்க வரும் பெண்களும் அரை மணிநேரமாவது மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, அறுந்த இழையைக் கட்டிப் பார்க்கட்டும். அதற்கு வெளிநாட்டு நிபுணரோ பெருந்தொகைப் பணமோ வேண்டியதில்லை. ஒரு திடலும், கற்பிக்க விருப்பமுள்ள நெசவாளர் சிலரும், முடிவுநாடா வெட்டுவதற்காக அல்லாமல் கற்றுக்கொள்வதற்காக வரும் மனிதரும் போதும். பாடசாலைகளில் மனைப்பொருளியல் பாடத்தில் ஒரு தவணையாவது பருத்தியை நூலாக்கும் விதத்தைச் செய்கையில் கற்பித்தால், பவணந்தியின் உவமையும் பிள்ளைகளுக்குப் புரியும்.

இவ்வாறு கற்ற நூறு பேரில் ஒருவர்கூட நெசவாளராகாமல் போகலாம். அதனால் நட்டமில்லை. தொண்ணூற்றொன்பது பேரும் நல்ல வாடிக்கையாளராவார்கள். மூன்று நாள் உழைப்பில் நெய்த சேலையின் விலையைக் கேட்டு, ஏன் இவ்வளவு என்று பேரம் பேசுபவர், தாமே ஒரு முழம் நெய்து பார்த்தவராக இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.